அறுபதின் கணக்கறிந்த அல்பீரூனி

நம்மவர் கடைகளில் பணக்கணக்கு தெரியாதவர் இல்லை. ஒரு சென் பிசகினாலும் இரவு கல்லாவைப் பூட்டுவதற்குள் கண்டுபிடித்து விடுகிறோம். ஆனால் நேரத்தின் கணக்கு என்று வந்துவிட்டால் நம்மில் பலருடைய கை தயங்குகிறது. பணம் நூறின் கணக்கில் ஓடுகிறது, நேரமோ அறுபதின் கணக்கில் ஓடுகிறது, அதுதான் காரணம். இந்த அறுபதின் கணக்கைத் தம் வாழ்நாள் முழுவதும் கையில் வைத்திருந்து, பல ஜாதியார் பலவிதமாக அளந்துவந்த காலத்தை ஒரே கணக்குக்குக் கொண்டுவந்து ஒத்துப்பார்த்த ஒரு மேதையின் சரித்திரத்தை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர்தாம் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனி.

அவர் பிறந்தது கி.பி. 973-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், ஹிஜ்ரி 362-ஆம் வருஷம் துல்ஹஜ் மாதத்தில். ஆமு தர்யா நதி பாயும் குவாரஸ்ம் தேசத்தில் காத் என்னும் நகரம் அவருடைய ஊர். இன்று அது உஸ்பெக்கிஸ்தானில் இருக்கிறது. அவ்வூருக்கு இப்போது அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் கணித வல்லுநருமான அபூ நஸ்ர் மன்ஸூர் என்பவர் அவருக்கு உஸ்தாதாக வாய்த்தார். பதினேழு வயதிலேயே, நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை அளந்து, காத் நகரம் பூமத்திய ரேகைக்கு எவ்வளவு வடக்கே இருக்கிறது என்று கணக்கிட்டார். அந்த வயதில் நம் பிள்ளைகள் எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காலத்து மணி நம் மணியைப் போன்றதன்று என்பதை முதலில் சொல்லவேண்டும். சூரியன் உதித்தது முதல் அஸ்தமிக்கும் வரையில் உள்ள பகலைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கை ஒரு மணி என்று பொதுஜனங்கள் வழங்கிவந்தார்கள். காத் நகரில் கோடைகாலத்து நீண்ட பகல் நம் கணக்கில் ஏறத்தாழ 15 மணி. குளிர்காலத்துக் குறும்பகல் ஏறத்தாழ 9 மணி. ஆகவே அங்கே கோடையில் ஒரு மணிக்கு 75 நிமிஷமும், குளிர்காலத்தில் 45 நிமிஷமும் ஆகும். நீட்டினால் நீளும், விட்டால் சுருங்கும் முழக்கோலைக்கொண்டு துணி அளந்தால் கடை என்ன ஆகும்? வானசாஸ்திரிகள் இதைக் கோணல் மணி என்றே பெயரிட்டு ஒதுக்கிவிட்டு, இரவும் பகலும் சேர்ந்த முழு நாளை 24 சம பாகமாக்கிச் சமமணி என்று வைத்துக்கொண்டார்கள். அல்பீரூனி தம் கணக்குகளைச் செய்தது இந்தச் சமமணியில்தான். பூமத்திய ரேகைக்கு அருகே வாழும் நமக்கு வருஷம் முழுவதும் பகல் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால் இந்தத் தொல்லை தெரிவதில்லை.

கி.பி. 995-இல் குவாரஸ்மில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. அவருக்கு ஆதரவாயிருந்த அரச வமிசம் வீழ்ந்தது. இளைஞர் அல்பீரூனி ஊரைவிட்டு ஓடவேண்டியதாயிற்று. ரை என்னும் பாரசீக நகரில் அவர் வறுமையோடு திரிந்த நாட்களில், ஒரு வானசாஸ்திரியோடு ஒரு விஷயத்தில் தர்க்கம் வந்ததாம். இவருடைய கந்தலைப் பார்த்து அந்த மனிதர் இவர் சொல்லையும் இகழ்ந்தாராம். பிறகு இவருக்குக் காலம் சற்றுத் திரும்பியதும் அதே மனிதர் சினேகிதராகி விட்டாராம். இதை அல்பீரூனியே எழுதி வைத்திருக்கிறார். வியாபாரத்தில் இறங்கி ஏறிய நம்மவர்களுக்கு இது புதிய கதையன்று.

இனி வருவதே அவருடைய வாழ்க்கையில் நமக்கு மிகவும் பிடித்த கட்டம். கி.பி. 997-ஆம் வருஷம் மே மாதம் 24-ஆம் தேதி இரவு சந்திர கிரகணம் வரவிருந்தது. அப்போது அவர் காத் நகரில் இருந்தார். பக்தாதிலோ அபுல் வஃபா என்னும் பெரும் கணித வல்லுநர் இருந்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையே 1,500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒரே கிரகணத்தை இருவரும் அவரவர் ஊரில் பார்த்து, அவரவர் ஊர் நேரத்தைக் குறித்துக்கொள்வதென்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். சந்திர கிரகணம் என்பது பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவது; காணக்கூடிய ஊர்கள் எல்லாவற்றிலும் அது ஒரே கணத்தில் நிகழும். ஆனால் கிழக்கே இருக்கும் ஊரில் சூரியன் முன்னதாகவே உதித்து முன்னதாகவே மறைந்திருக்குமாதலால் அங்கே இரவு அதிகம் கழிந்திருக்கும். ஆக, இரண்டு ஊர்க் குறிப்புகளுக்கும் உள்ள வித்தியாசமே இரண்டு ஊர்களின் நேர வித்தியாசம்.

வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி என்று வந்தது. இதிலிருந்து தூரத்துக்கு எப்படிப் போவது? வானம் ஒரு முழுச்சுற்றாகிய 360 பாகையை 24 மணியில் சுற்றி வருகிறது. எனவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிஷம். பாகையையும் அறுபதாகப் பிரித்தால், அந்தச் சிறு பங்கு ஒன்றுக்கு 4 விநாடி. நேரம் தெரிந்தால் இடம் தெரியும். இடம் தெரிந்தால் நேரம் தெரியும். காத் நகருக்கும் பக்தாதுக்கும் இடையே உள்ள உண்மையான வித்தியாசம் இன்றைய அளவில் சுமார் 16 பாகை 20 பங்கு. அதாவது 1 மணி 5 நிமிஷம் சொச்சம். கடிகாரமும் தந்தியும் இல்லாத காலத்தில் நட்சத்திரங்களின் உயரத்தைப் பார்த்து நேரம் குறித்த இருவர் எட்டிப்பிடித்த கணக்கு இது.

இந்தக் கணக்கை நம் ஊருக்கே போட்டுப் பார்க்கலாம். மலேசியாவின் கடிகாரம் 120-ஆம் பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. 1981-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி இரவு 11.30-க்குக் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி 12 ஆக்கினார்களே, அன்று முதல் தீபகற்பத்தில் இதுவே வழக்கம். நம் சுபாங் ஜெயாவோ ஏறத்தாழ 101 பாகை 35 பங்கில் இருக்கிறது. கழித்தால் 18 பாகை 25 பங்கு. 18-ஐ நாலால் பெருக்க 72 நிமிஷம். 25-ஐ நாலால் பெருக்க 100 விநாடி. அதாவது 1 நிமிஷம் 40 விநாடி. ஆக மொத்தம் 73 நிமிஷம் 40 விநாடி, அல்லது 1 மணி 13 நிமிஷம் 40 விநாடி. அதனால்தான் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கல்ல, சராசரியாகப் பிற்பகல் 1 மணி 13 நிமிஷம் அளவில். சூரியனின் ஓட்டத்தில் உள்ள ஏற்றத்தாழ்வால் இது நவம்பர் தொடக்கத்தில் 1 மணிக்கு மூன்று நிமிஷம் முன்னதாகவும், பிப்ரவரி நடுவில் 1 மணி 28 நிமிஷம் வரை பின்னதாகவும் போகும். லுஹருடைய நேரம் அட்டவணையில் ஏன் ஏறி இறங்குகிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

இன்னொன்று. நாகூர் ஏறத்தாழ 79 பாகை 50 பங்கில் இருக்கிறது. நமக்கும் அதற்கும் வித்தியாசம் 21 பாகை 45 பங்கு. நாலால் பெருக்க 84 நிமிஷமும் 180 விநாடியும். 180 விநாடி என்பது 3 நிமிஷம். மொத்தம் 87 நிமிஷம். கடிகாரத்தில் நாம் ஊருக்கு இரண்டரை மணி முந்தி நிற்கிறோம். சூரியனின் கணக்கிலோ 1 மணி 27 நிமிஷம்தான் முந்தியிருக்கிறோம். மீதி 1 மணி 3 நிமிஷமும் அரசாங்கங்கள் கடிகாரத்துக்கு விதித்த ஏற்பாடு.

காத் நகரை விட்டபின் அவர் காஸ்பியன் கடலோரத்துக் குர்கான் தேசத்து அரசர் காபூஸிடம் சென்றார். அங்கேதான், இருபத்தேழு வயது அளவில், கி.பி. 1000-ஐ ஒட்டி, பற்பல சமூகத்தாரின் வருஷம், மாதம், பண்டிகை இவற்றை ஆராயும் பெருநூலை அரபியில் எழுதி அந்த அரசருக்குச் சமர்ப்பித்தார். ஆஸாருல் பாக்கியா என்று அதன் பெயர் சுருங்க வழங்கும். பாரசீகர், ஸுக்தியர், யூதர், கிறிஸ்தவர், அரபிகள் என ஒவ்வொருவருடைய காலக்கணக்கும் அதில் வருகிறது.

யூதர்களின் கணக்கை அவர் எடுத்துக்கொண்டது நம் விஷயத்துக்கு முக்கியம். அவர்கள் ஒரு மணியை 1,080 துண்டாகப் பிரிப்பவர்கள். ஒரு சந்திர மாதத்துக்கு 29 நாள், 12 மணி, 793 துண்டு என்பது அவர்கள் கணக்கு. இதை மற்றவர்களின் கணக்கோடு எப்படி ஒத்துப்பார்ப்பது? ஒருவர் படியால் அளந்ததையும் மற்றொருவர் கிலோவால் நிறுத்ததையும் அப்படியே கூட்ட முடியாது. அல்பீரூனி மணியை அறுபதாகப் பிரித்தார். அந்த ஒரு பங்கு தகீகா. அதை மறுபடி அறுபதாக்கியது ஸானியா, இரண்டாம் பிரிவு. அதையும் அறுபதாக்க ஸாலிஸா, மூன்றாம் பிரிவு. பின்னும் ராபிஆ, நாலாம் பிரிவு. அறுபதால் பிரிக்கும் முறை பாபிலோனியர் காலத்திலிருந்தே இருந்துவந்தது, வட்டத்தின் பாகையை அப்படித்தான் பிரித்து வந்தார்கள். மணியையும் அவ்வாறே நிமிஷமும் விநாடியுமாகப் பிரித்து எழுதிய முற்பட்டவர்களுள் இவர் ஒருவர். இங்கிலீஷில் விநாடிக்கு வழங்கும் செகண்டு என்ற பேரும் இரண்டாவது என்னும் பொருளையே உடையது. மலாய் மொழியிலோ அரபியில் மணியைக் குறிக்கும் ஸாஅத் என்ற சொல் வந்து, விநாடியின் பெயராகிவிட்டது. ஒரு மணி எங்கே, ஒரு விநாடி எங்கே!

இப்போது அந்த 793 துண்டை மாற்றிப் பார்ப்போம். 1,080-ஐ 60-ஆல் வகுக்க 18. ஆகவே 18 துண்டு ஒரு நிமிஷம். 793-ஐ 18-ஆல் வகுக்க 44 நிமிஷம் வந்து 1 துண்டு மீதி. ஒரு துண்டு 3,600 விநாடியில் 1,080-இல் ஒரு பங்கு. 3 விநாடியும் ஒரு விநாடியின் மூன்றில் ஒன்றும். ஆக ஒரு மாதம் என்பது 29 நாள், 12 மணி, 44 நிமிஷம், 3⅓ விநாடி. அந்த மூன்றில் ஒன்றையும் விடாமல் எழுதினால் 20 ஸாலிஸா. இன்றைய வானசாஸ்திரிகள் கூறும் சராசரிக்கும் இதற்கும் அரை விநாடி அளவே வித்தியாசம்.

பொடிக்கணக்கு எதற்கு என்று நினைப்பவர்கள் உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு கடையில், பெயர் வேண்டாம், வேலையாள் ஒருவர் தினமும் 7 மணி 50 நிமிஷம் வேலை செய்தார். கணக்கு எழுதியவர் அதை 7.50 என்று எழுதினார். ரிங்கிட்டில் 7.50 என்றால் ஏழரை அல்லவா? அந்தப் பழக்கத்தில் மாதச் சம்பளம் போடும்போது ஏழரை மணி என்றே வைத்துப் பெருக்கிவிட்டார். தினம் 20 நிமிஷம் போயிற்று. 26 நாளைக்கு 520 நிமிஷம். 60-ஆல் வகுத்தால் 8 மணி 40 நிமிஷம். ஒரு முழுநாள் கூலியும் அதற்குமேல் ஐம்பது நிமிஷமும் அந்த ஏழையின் கையிலிருந்து நழுவியது. யாரும் திருடவில்லை, ஒரு புள்ளிதான் திருடிற்று. சரியான முறையில் 7 மணியை 26-ஆல் பெருக்கி 182 மணி, 50 நிமிஷத்தை 26-ஆல் பெருக்கி 1,300 நிமிஷம், அதாவது 21 மணி 40 நிமிஷம், ஆக 203 மணி 40 நிமிஷம் என்று போட்டிருக்கவேண்டும். மணியை ஒரு பத்தியிலும் நிமிஷத்தை ஒரு பத்தியிலும் எழுதி, நிமிஷம் அறுபது சேர்ந்தபின்பே மணிப் பத்திக்கு ஏற்றுவதுதான் அல்பீரூனி முதலியோர் கையாண்ட முறை. அவர்கள் மதரஸாவில் நாம் ஓதிய அப்ஜத் எழுத்துக்களையே எண்ணாக வைத்து, பாகை, தகீகா, ஸானியா என்று தனித்தனிக் கட்டங்களில் எழுதிவந்தார்கள்.

கி.பி. 1004 வாக்கில் அவர் குவாரஸ்முக்கே திரும்பி, ஷா மஃமூனின் சபையில் மதிப்போடு இருந்தார். 1017-இல் கஜ்னி ஸுல்தான் மஹ்மூது அந்நாட்டைக் கைப்பற்றியபோது, அறிஞர்கள் பலரோடு இவரும் கஜ்னிக்குக் கொண்டுபோகப்பட்டார். அதற்கு அடுத்த வருஷம் அக்டோபர் மாதத்தில் காபூலுக்கு அருகே ஒரு சிற்றூரில் மிகவும் நொந்த நிலையில் இருந்தார். சூரியனின் உயரத்தை அளக்கவேண்டும். கருவி ஒன்றும் கைவசமில்லை. கணக்குப் போடும் பலகை ஒன்று இருந்தது. அதைத் திருப்பி, பின்புறத்தில் வட்டத்தின் கால்பாகத்தை வரைந்து, பாகைக் கோடுகள் இட்டு, தூக்குநூலைக் கட்டித் தொங்கவிட்டுக் காரியத்தை முடித்துக்கொண்டார். தராசு இல்லை என்று கடை திறவாதிருப்பவர்களுக்கும் இவருக்கும் எவ்வளவு தூரம்!

கஜ்னியில் இருந்த காலத்தில் நிழலைப்பற்றி ஒரு நூல் எழுதினார். தொழுகை நேரங்களை நிழலின் நீளத்தால் அறியும் முறைகள் அதில் விரிவாக இருக்கின்றன. நண்பகல் நிழல் சூரியனின் பருவத்தைப் பொறுத்து நீண்டு குறையும். சந்திர மாதம் பருவத்தோடு ஒட்டி நில்லாது. ஆகையால் நேரம் அறியும் கருவி ஒன்றில் ரோமருடைய சூரிய மாதங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அதைக் கண்ட மார்க்கப் பற்றுள்ள ஒருவர், அந்நியருடைய மாதப்பெயர் உள்ள பொருளைத் தொழுகைக்கு உபயோகிக்கலாகாது என்று மறுத்துவிட்டார். ரோமர்கள் சாப்பிடவும் செய்கிறார்கள், கடைத்தெருவில் நடக்கவும் செய்கிறார்கள், அப்படியானால் அவற்றிலும் அவர்களைப் பின்பற்றாதிருக்க வேண்டியதுதானே என்று அல்பீரூனி அவருக்கு விடை கொடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பாங்கு சொல்லும் நம் மோதினார்கள் அந்தப் பெரியவரிடம் அகப்பட்டிருந்தால் என்ன பாடுபட்டிருப்பார்களோ!

மஹ்மூதின் படையெடுப்புகளை ஒட்டி அவர் வடஇந்தியாவின் மேற்குப் பகுதிகளுக்குப் பிரயாணம் செய்தார். நந்தனா கோட்டையருகே ஒரு மலைமேல் ஏறி நின்று, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறதென்று அளந்து, அதிலிருந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். ஸமஸ்கிருதம் பயின்றார், பண்டிதர்களை அணுகிக் கேட்டார். 1030-இல் முடிந்த அவருடைய இந்திய நூலில், வென்றவனின் செருக்கு இல்லாமல், அவர்கள் கூறுவதை அவர்கள் கூறியபடியே எழுதிவைத்தார்.

அதிலும் காலக்கணக்குக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு நாள் அறுபது கடி. ஒரு கடி அறுபது சிறுபாகம். ஒரு சிறுபாகம் ஆறு மூச்சு. நம் பாட்டன்மார் வழங்கிய நாழிகையும் விநாழிகையும் இவையேதாம். 24 மணிக்கு 1,440 நிமிஷம். 60-ஆல் வகுக்க ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். அதனை மறுபடி 60-ஆல் வகுக்க ஒரு விநாழிகைக்கு 24 விநாடி. அதை ஆறால் வகுக்க ஒரு மூச்சுக்கு 4 விநாடி. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. வட்டத்தின் 360 பாகையை அறுபதால் பெருக்கினாலும் அதே 21,600! மேலே சுபாங் ஜெயாவுக்குப் போட்ட கணக்கில் ஒரு பங்குக்கு 4 விநாடி என்று வந்ததும் இதுவே. இரண்டரை நாழிகை ஒரு மணி என்று பெரியவர்கள் சொல்வதை நேயர்கள் இப்போது சரிபார்த்துக்கொள்ளலாம்.

பெஷாவர் நகரில் நீர்க்கடிகாரம் வைத்து, ஜாமந்தோறும் முரசு அடித்துச் சங்கு ஊதி ஜனங்களுக்கு அறிவிப்பதையும், அதற்காக நல்லவர்கள் சொத்தும் வருமானமும் எழுதிவைத்திருப்பதையும் அவர் குறித்திருக்கிறார். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் நகரா அடித்த காலத்தை நினைத்துக்கொண்டோம்.

வடகோடியிலிருந்து வந்த ஒரு தூதர், அங்கே சூரியன் மறையாத நாட்கள் உண்டென்று ஸுல்தான் மஹ்மூதிடம் கூறினாராம். ஸுல்தானுக்குக் கோபம் மூண்டது. அல்பீரூனிதான் அது வானசாஸ்திரப்படி உண்மையே என்று விளக்கி அமைதிப்படுத்தினார் என்பர். மஹ்மூதுக்குப்பின் பட்டத்துக்கு வந்த மஸ்வூது இவ்விஷயத்தில் ஆவலுள்ளவர். இரவும் பகலும் ஊருக்கு ஊர் ஏன் நீண்டு குறைகின்றன என்று அவர் கேட்க, சாஸ்திரச் சொற்கள் இல்லாமல் அவருக்கென்று ஒரு நூல் எழுதிக்கொடுத்தார். பின்பு மஸ்வூதின் பெயராலேயே வானசாஸ்திரப் பெருநூல் ஒன்றை எழுதினார். அதற்குச் சன்மானமாக ஒரு யானைச்சுமை வெள்ளி வந்ததென்றும், தமக்கு அது வேண்டுவதில்லையென்று திருப்பி அனுப்பினார் என்றும் சொல்வர். நம்மால் முடியுமா என்பது வேறு விஷயம்.

அவர் வபாத்தான வருஷத்தைப் பல புத்தகங்களில் ஹிஜ்ரி 440, கி.பி. 1048 என்று போடுகிறார்கள். ஆனால் மருந்துச் சரக்குகளைப்பற்றிய அவருடைய கடைசி நூலில், தமக்கு எண்பது வயது கடந்துவிட்டதென்று அவரே எழுதியிருக்கிறார். அது சந்திர வருஷக் கணக்கு. சந்திர வருஷம் ஒன்றுக்கு 354 நாள் சொச்சம். எண்பது சந்திர வருஷம், சூரியக் கணக்கில் ஏழுபத்தேழரையைச் சற்றே கடக்கும். 973 செப்டம்பரோடு அதைக் கூட்டினால் 1051 வருகிறது. ஆகவே அவர் 1050-க்குப் பின்பே மறைந்திருக்கவேண்டும் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். காலக்கணக்கிலேயே வாழ்ந்தவரின் காலத்தை அவர் கணக்கைக்கொண்டே திருத்தவேண்டியதாயிற்று.

அவருடைய கடைசி நாளைப்பற்றி ஒரு செய்தி வழங்கிவருகிறது. கஜ்னியில் மூச்சு வாங்க அவர் படுத்திருந்தபோது, சட்டமறிந்த நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். தாய்வழிப் பாட்டிமாருக்குச் சொத்தில் சேரும் பங்கைப்பற்றி முன்பு ஒருநாள் நண்பர் சொன்ன கணக்கு என்னவென்று அல்பீரூனி கேட்டார். இந்த நிலையிலா என்று நண்பர் இரங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேலல்லவா என்று அவர் பதில் சொன்னார். நண்பர் அதை எடுத்துரைக்க, அவர் கேட்டு மனத்தில் பதித்துத் திரும்பவும் சொல்லிக் காட்டினார். நண்பர் விடைபெற்று வெளியே வந்து தெருவில் சிறிது தூரம் நடந்திருப்பார். அதற்குள் வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.